நாவாய்ப்பூச்சியிலும் நல்லது உண்டு



இந்த இதழின் விவசாயப் பாடத்தை, 2023 சம்பாவில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்குகிறோம்.

நம் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர் தன் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நெல்லின் அடித்தூரில் பச்சையாக, எள்ளு அளவில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஓடுவதைப் பார்த்தார். நாலைந்தைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, அன்று மாலை குழுக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். "இது என்ன பூச்சி தம்பி, நல்லதா கெட்டதா?" என்று எங்களிடம் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. "மருந்துக் கடையில காட்டிக் கேளுங்க அக்கா" என்று சொல்லிவிட்டோம்.

கடையில் அதைப் பச்சைத் தத்துப்பூச்சி என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். குழுவில் உள்கடன் வாங்கி, மருந்து வாங்கி, ஆள் கூலி கொடுத்து அடித்தார்கள். இருபது நாள் கழித்து வயலின் நடுவில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தது. புகையான். மறுபடி கடன், மறுபடி மருந்து. அறுவடையில் அந்த வட்டங்களில் பதர்தான் மிஞ்சியது.

பிறகு வேளாண்மைத் துறையின் வயல்வெளிப் பள்ளிக்குச் சென்றபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. தீப்பெட்டியில் இருந்தது தத்துப்பூச்சி இல்லை. புகையானின் முட்டையைத் தேடித் தேடி உறிஞ்சிக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. காவல்காரனைக் கொன்றுவிட்டு, திருடன் வந்துவிட்டான் என்று அழுதிருக்கிறோம். அந்த அக்காவிடம் அன்றைக்கே "எங்களுக்குத் தெரியலை, ரெண்டு நாள் பொறுங்க, விசாரிச்சுச் சொல்றோம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நாவாய்ப்பூச்சி என்றாலே கெட்டதா?

நாவாய்ப்பூச்சி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது கதிர் நாவாய்ப்பூச்சி. பால் பிடிக்கும் கதிரில் உட்கார்ந்து சாற்றைக் குடித்து மணியைப் பதராக்கும். பக்கத்தில் போனாலே நாற்றம் அடிக்கும். அது எதிரிதான், சந்தேகமில்லை.

ஆனால் நாவாய்ப்பூச்சி என்பது ஒரே பூச்சியின் பெயர் இல்லை. அது ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். இந்தக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஊசி மாதிரி வாய் இருக்கும். கடித்து மெல்லாது. குத்தி உறிஞ்சும். சில நாவாய்ப்பூச்சிகள் அந்த ஊசியைப் பயிரில் குத்தும். சில நாவாய்ப்பூச்சிகள் மற்ற பூச்சிகளின் மேல் குத்தும். ஊசி ஒன்றுதான், குத்தும் இடம்தான் வேறு. பச்சை மிரிட் இரண்டாவது வகை. இதன் அறிவியல் பெயர் சிர்டோரினஸ் லிவிடிபென்னிஸ். இந்தப் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உருவம் நினைவில் இருந்தால் போதும்.

உருவம் எப்படி இருக்கும்?

வளர்ந்த பூச்சி 3 மில்லிமீட்டர் நீளம்தான். ஒரு எள்ளு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை கறுப்பு. தலைக்குப் பின்னால் தோள் பகுதியிலும் கறுப்பு இருக்கும். இறக்கை வெளிர் பச்சை. தலையிலிருந்து இரண்டு மெல்லிய உணர்கொம்புகள் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். உடம்பு மென்மையானது, லேசாக நசுக்கினாலே போய்விடும். கால்கள் நீளம், விறுவிறு என்று ஓடும்.

குஞ்சுகளுக்கு இறக்கை இருக்காது. வெளிர் மஞ்சள் கலந்த பச்சையில், தாயைவிடச் சின்னதாக, அடித்தூரில் ஓடிக்கொண்டிருக்கும்.

பச்சைத் தத்துப்பூச்சியோடுதான் இதைக் குழப்பிக்கொள்கிறோம். அதனால் வித்தியாசத்தைத் தனியாகத் தருகிறோம். இந்தப் பகுதியைக் கூட்டத்தில் இரண்டு தடவை சத்தமாக வாசிக்கவும்.

• பச்சைத் தத்துப்பூச்சி பெரியது, 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். பின்பக்கம் கூம்பி, ஆப்பு அடித்த மாதிரி தெரியும். இறக்கையில் கறுப்புப் புள்ளி இருக்கலாம். உணர்கொம்பு இருப்பதே தெரியாது. தொட்டால் 'டக்'கென்று தத்தும், பக்கவாட்டிலும் நகரும்.

• பச்சை மிரிட் ஒல்லியானது. தலை கறுப்பு. உணர்கொம்பு நன்றாகத் தெரியும். தொட்டால் தத்தாது. ஓடும், இல்லையென்றால் பறக்கும்.

• கதிர் நாவாய்ப்பூச்சி ஒரு விரல்கணு நீளத்துக்கு இருக்கும். கதிரில்தான் பார்க்கலாம். நாற்றம் அடிக்கும். இதற்கும் மிரிட்டுக்கும் அளவிலேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சுருக்கமாகச் சொன்னால்: தத்தினால் தத்துப்பூச்சி, கறுப்புத் தலையோடு ஓடினால் மிரிட்.

எங்கெல்லாம் இருக்கிறது?

நெல் விளையும் ஆசிய நாடுகள் பலவற்றில் இந்தப் பூச்சி இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் என்று பட்டியல் நீளும். ஆஸ்திரேலியாவின் வடபகுதியிலும் உண்டு.

ஒரு ஆச்சரியமான செய்தி. புகையான் காற்றோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான மைல் பறக்கும். சீனாவிலிருந்து கடல் தாண்டி ஜப்பான் வரைக்கும் போகிறது. அதே காற்றில் இந்த மிரிட்டும் போகிறது. எள்ளு அளவு பூச்சி கடலையே தாண்டுகிறது என்றால் நம்புவது கஷ்டம்தான். ஆனால் நடுக்கடலில் கப்பலில் வலை கட்டிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நம் வயலுக்கு வருவோம். மிரிட்டை இலை நுனியில் தேடாதீர்கள். புகையான் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இதுவும் இருக்கும். அதாவது தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, அடித்தூரில், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில். இரவில் வெளிச்சத்துக்கும் வரும். சம்பா சமயத்தில் விளக்கைச் சுற்றும் பச்சைப் பூச்சிகளில் தத்துப்பூச்சியும் இருக்கும், மிரிட்டும் இருக்கும்.

என்ன சாப்பிடும்?

மிரிட்டுக்கு ரொம்பப் பிடித்தது புகையானின் முட்டை. புகையான் தன் முட்டையை வெளியே வைப்பதில்லை. நெல்லின் இலை உறையைக் கீறி, உள்ளே வரிசையாகச் சொருகி வைக்கும். நம் கண்ணுக்கும் தெரியாது, மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. ஆனால் மிரிட் தன் உணர்கொம்பால் தடவித் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும். ஊசி வாயை உறைக்குள் குத்தி, முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சிவிடும். சக்கைதான் மிஞ்சும்.

ஒரு மிரிட் ஒரு நாளைக்கு 7 முதல் 10 முட்டை வரை குடிக்கும். அல்லது 1 முதல் 5 தத்துப்பூச்சி வரை கொல்லும். வளர்ந்த பூச்சியைவிட இளம் குஞ்சுகளைத்தான் அதிகம் பிடிக்கும். புகையான் மட்டும் இல்லை, பச்சைத் தத்துப்பூச்சி, வெண்முதுகுத் தத்துப்பூச்சி முட்டைகளையும் விடாது. மிரிட்டின் குஞ்சுகளும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குத்தில் இரண்டு மிரிட் இருந்தால், நாளைக்கு 14 முட்டையாவது போகும். பத்து நாளில் 140. ஒரு பெண் புகையான் தன் வாழ்நாளில் ஏறக்குறைய 200 முதல் 300 முட்டை வைக்கும். அப்படியானால் இந்த இரண்டு பூச்சிகள் சம்பளம் இல்லாமல் எவ்வளவு வேலை பார்க்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

வாழ்க்கைச் சக்கரம்

முட்டை: தாய் மிரிட்டும் தன் முட்டையைச் செடிக்குள்ளேதான் வைக்கும். இலை உறையிலும் இலையின் நடு நரம்பிலும் சொருகி வைக்கும். 6 முதல் 9 நாளில் பொரிக்கும்.

குஞ்சு: பொரித்தவுடனேயே இரை தேட ஆரம்பித்துவிடும். நான்கைந்து தடவை தோல் உரித்து வளரும். கடைசித் தோல் உரிப்புக்கு முன்னால் முதுகில் குட்டி இறக்கை மொட்டுப் போலத் தெரியும். இந்தப் பருவம் இரண்டு வாரம் வாக்கில்.

வளர்ந்த பூச்சி: இறக்கை முளைத்துவிடும். வயல் விட்டு வயல் பறக்கும். இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருந்து, இரை தின்று, முட்டை வைக்கும்.

ஆக, முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக மூன்று வாரம் ஆகும். இந்த மூன்று வாரத்தை மறக்காதீர்கள். அடுத்து வரும் விஷயத்துக்கு இதுதான் திறவுகோல்.

மருந்து அடித்தால் புகையான் ஏன் கூடுகிறது?

"மருந்து அடிச்சா பூச்சி சாகணுமே, எப்படிங்க கூடும்?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

மருந்து அடித்த அன்று வெளியே இருக்கும் புகையானில் ஒரு பகுதி சாகும். அதோடு மிரிட்டும் சாகும், சிலந்தியும் சாகும். ஆனால் உறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகள் தப்பிவிடும். ஏழெட்டு நாளில் அவை பொரிக்கும். வெளியே வந்து பார்த்தால் வயலில் காவல் இல்லை. திறந்த வீடு மாதிரி.

மிரிட்டின் முட்டையும்தானே உறைக்குள் இருக்கிறது, அது தப்பாதா என்று கேட்கலாம். தப்பும். ஆனால் அதன் குஞ்சு இரையைத் தேடித் தூருக்குத் தூர் ஓடும். போகிற வழியெல்லாம் செடியில் ஒட்டியிருக்கும் மருந்து அதைக் கொன்றுவிடும். பிழைத்தது ஒன்றிரண்டு வளர்ந்து, பெருகி, மறுபடி காவலுக்கு வர மேலே சொன்ன மூன்று வாரம் வேண்டும். அதற்குள் புகையான் அடுத்த தலைமுறையைப் பெற்றுவிடும்.

இதோடு இன்னொன்று. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகள், குயினால்பாஸ் போன்ற சில மருந்துகள் அடித்த வயலில் புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். இதை 'மறு உற்பத்திப் பெருக்கம்' என்கிறார்கள். புகையான் வந்த வயலில் இந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடந்தது இல்லை. கேரளாவின் குட்டநாட்டில் 1973-74-ல் புகையான் வந்து நெல் பெருத்த சேதமானது. இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடிக்கொண்டே போனது. கடைசியில் 1986-ல் அந்த நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989-லிருந்து விவசாயிகளை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சிகளை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்தார்கள். வயல்வெளிப் பள்ளி என்பது அப்படிப் பிறந்ததுதான். அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவி, நம் மாவட்டங்களுக்கும் வந்தது.

மிரிட்டின் பங்காளி ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளில் கரும்பைத் தத்துப்பூச்சி ஒன்று அழித்துக்கொண்டிருந்தது. 1920-ல் மூயர் என்ற ஆய்வாளர் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் ஒரு மிரிட் பூச்சியைக் கொண்டுபோய் விட்டார். அது தத்துப்பூச்சியின் முட்டைகளைக் குடித்துத் தீர்த்தது. சில வருடத்தில் கரும்பு தப்பியது. அவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோன உறவுக்காரன் நம் வயலில் சும்மாவே இருக்கிறான். நாம்தான் விரட்டுகிறோம்.

வயலில் பார்ப்பது எப்படி?

மருந்து அடிக்கும் முடிவைப் பெரும்பாலும் வீட்டு ஆண்கள் எடுக்கிறார்கள். வரப்பில் நின்று பார்த்தால் இலைதான் தெரியும், அடித்தூர் தெரியாது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் நாம். குனிந்து அடித்தூரைப் பார்ப்பது நம் கண்கள்தான். அதனால் நாம் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

1. காலையில் போங்கள். வயலில் குறுக்காக நடந்து, பத்து இடத்தில் பத்துக் குத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் மட்டும் பார்த்தால் போதாது. புகையான் நடுவயலில்தான் முதலில் தெரியும்.

2. குத்தை லேசாகச் சாய்த்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தட்டையோ சோப்புத் தண்ணீர் தடவிய முறத்தையோ பிடிக்கலாம்.

3. விழுந்ததை எண்ணுங்கள். பழுப்பு நிறத்தில் தத்துவது புகையான். கறுப்புத் தலையோடு பச்சையாக ஓடுவது மிரிட். சிலந்தியையும் தனியாக எண்ணுங்கள்.

4. குத்தில் எத்தனை தூர் என்பதையும் எண்ணுங்கள். தூருக்கு ஒரு புகையான் என்பது எச்சரிக்கை எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். அதாவது 20 தூர் உள்ள குத்தில் சிலந்தி இல்லாவிட்டால் 20 புகையான், சிலந்தி இருந்தால் 40. மிரிட்டும் நிறையத் தெரிந்தால் இன்னும் தைரியமாக இருக்கலாம்.

5. எல்லைக்குக் கீழே இருந்தால் மருந்து வேண்டாம். நாலைந்து நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் நோட்டில் எழுதுங்கள். கூடுகிறதா குறைகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

மிரிட்டுக்கு நாம் செய்யக்கூடியது

• நட்ட 40 நாளுக்குள் கண்ணை மூடிக்கொண்டு மருந்து அடிப்பதை நிறுத்துவோம். இலையில் நாலு ஓட்டை தெரிந்தால் பயிர் தாங்கிக்கொள்ளும்.

• 8 அடிக்கு 1 அடி பட்டம் விட்டு நடுவோம். காற்றும் வெளிச்சமும் உள்ளே போனால் புகையானுக்குப் பிடிக்காது.

• யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுவோம். பயிர் கரும்பச்சையாக, கொழகொழவென்று இருந்தால் புகையானுக்கு விருந்து.

• தண்ணீரைக் கட்டியே வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவோம்.

• வரப்பில் உளுந்து, எள் விதைப்போம். எள்ளுப்பூவின் தேனைக் குடிக்கும் மிரிட் கூடுதல் நாள் வாழ்கிறது, அதிகம் வேட்டையாடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். சீனா, தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் வரப்பில் பூச்செடி வளர்த்துப் பார்த்ததில் பூச்சிமருந்துச் செலவு பெருமளவு குறைந்தது, விளைச்சலும் கொஞ்சம் கூடியது. இந்த முடிவு 2016-ல் வெளியானது.

எல்லை தாண்டிவிட்டால்?

மிரிட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. இரை பெருகிய பிறகுதான் மிரிட்டும் பெருகும். சில நேரம் புகையான் முந்திவிடும். அப்போது முதலில் வயலில் தண்ணீரை வடியுங்கள். ஆரம்ப நிலையில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அடிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டையை இடித்து, ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து அடித்தூரில் படும்படி தெளிக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அப்போதும் இலைமேல் அடிக்காமல் அடித்தூரில் அடிக்க வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. பச்சை மிரிட்டுக்கும் பச்சைத் தத்துப்பூச்சிக்கும் மூன்று வித்தியாசம் சொல்லுங்கள்.
2. புகையான் முட்டையை மருந்து ஏன் தொடுவதில்லை?
3. போன சம்பாவில் நம் குழுவில் பூச்சிமருந்துக்காக எடுத்த உள்கடன் மொத்தம் எவ்வளவு? கடன் பேரேட்டைப் பார்த்துக் கூட்டிச் சொல்லுங்கள்.
4. அந்தப் பணத்தில் எத்தனை பேர் அடித்தூரைப் பார்த்துவிட்டு மருந்து அடித்தோம்?

ஒரு யோசனையும் வைக்கிறோம். மருந்துக்கு என்று ஒரு உறுப்பினர் கடன் கேட்டால், மறுக்க வேண்டாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு உறுப்பினர்கள் அவரோடு வயலுக்குப் போய்ப் பத்துக் குத்தைத் தட்டிப் பார்க்கட்டும். எண்ணிக்கையைத் தீர்மான நோட்டில் எழுதட்டும். அதற்கு ஒரு மணி நேரம் போதும். சரி என்று பட்டால் உங்கள் குழுவில் தீர்மானம் போடுங்கள்.

தீப்பெட்டி கொண்டுவந்த அந்த அக்காவின் குழுவில் 2024 சம்பாவுக்கு முன்பே இந்தத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அந்த வருடம் களை எடுக்கும்போது மறுபடியும் பச்சைப் பூச்சியைப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். "கொஞ்சம் இருங்க, தலை கறுப்பா இருக்கு, இது நம்ம ஆளு" என்று நிறுத்திவிட்டாராம். பத்துக் குத்தை எண்ணியதில் எல்லைக்கு ரொம்பக் கீழே. அந்தத் தடவை புகையானுக்கு மருந்தும் வாங்கவில்லை, கடனும் வாங்கவில்லை.

உங்கள் வயலில் தெரியாத பூச்சி எதைப் பார்த்தாலும் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள். எங்களுக்குத் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, கேட்டு வந்து சொல்வோம்.